மின்கம்பிகளை நிலத்தடிக்கு மாற்றுதல் (கலிபோர்னியா)

மின்கம்பிகளை நிலத்தடிக்கு மாற்றுதல் என்பது கம்பங்களில் செல்லும் மின்கம்பிகளையும் தொலைபேசி, கேபிள் தொலைக்காட்சிக் கம்பிகளையும் அகற்றி, தெருவுக்கு அடியில் புதைவடங்களைப் பதிக்கும் பணியாகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் எந்தத் தெருக்களில் இப்பணி நடைபெற வேண்டும் என்பதை நகரமன்றங்கள் பொது விசாரணை நடத்தித் தீர்மானிக்கின்றன. ஒரு தெரு பெறும் வசதிக்கு நகரம் முழுவதும் பணம் செலுத்தலாமா என்பதே அவை எதிர்கொள்ளும் முக்கியக் கேள்வி.

செலவு மிகுதியாவது ஏன்?

கம்பத்தில் செல்லும் கம்பிக்குக் காற்றே மின்காப்பாக அமைவதால் பெரும்பாலும் உறையில்லாத கம்பியே போதுமானது. புதைவடத்துக்குத் தடித்த காப்புறை வேண்டும். பள்ளம் தோண்டும்போது குடிநீர், கழிவுநீர், எரிவாயுக் குழாய்களைத் தவிர்த்துச் செல்ல வேண்டும். பணி முடிந்ததும் சாலையைச் செப்பனிட வேண்டும்; ஒவ்வொரு வீட்டின் மின் இணைப்பையும் மாற்றியமைக்க வேண்டும். பசிபிக் கேஸ் அண்டு எலக்ட்ரிக் நிறுவனத்தின் மதிப்பீட்டில், ஏற்கெனவே உள்ள கம்பிகளை நிலத்தடிக்கு மாற்ற ஒரு மைலுக்குச் சுமார் 30 லட்சம் டாலர் ஆகும். புதிதாகக் கம்பம் நட்டுக் கம்பி இழுக்க ஒரு மைலுக்குச் சுமார் 8 லட்சம் டாலர் போதும்.

விதி 20

கலிபோர்னியா பொதுப் பயன்பாடுகள் ஆணையம் 1967-இல் இதற்கென விதி 20-ஐ வகுத்தது. அதன் முக்கியப் பிரிவுகள் மூன்று:

• 20ஏ: போக்குவரத்து மிகுந்த சாலை, கம்பிகள் நெருக்கமாக உள்ள தெரு, இயற்கை எழில் மிக்க பகுதி போன்றவற்றுக்கு உரியது. செலவு அனைத்து மின்நுகர்வோரின் கட்டணத்திலிருந்தும் பெறப்படும்.
• 20பி: பெரும் பங்கைத் தெருவின் சொத்து உரிமையாளர்கள் ஏற்க வேண்டும். அதற்கு இணையான மேல்நிலைக் கம்பித்தடத்துக்கு ஆகும் தொகையை நிறுவனம் கழித்துக்கொள்ளும்.
• 20சி: சிறிய பணிகளுக்கானது. ஏறத்தாழ முழுச் செலவும் உரிமையாளர்களுடையது.

20ஏ பிரிவில் நகரங்களுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கீடு வழங்கப்பட்டது. அது நகரின் சொந்தக் கருவூலத்தைத் தொடாததால் நகரமன்றங்கள் இப்பிரிவையே விரும்பின. ஆனால் 2022-உடன் புதிய ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது. அதன்பின் நகரமன்றங்கள் சேர்த்துவைத்த ஒதுக்கீட்டைப் பயன்படுத்தலாம். இல்லையேல் உரிமையாளர்களிடம் சிறப்பு வரி போன்ற வழிகளை நாட வேண்டும். 1996-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய முன்மொழிவு 218-இன்படி, சொத்துகள் மீது சிறப்பு மதிப்பீட்டுக் கட்டணம் விதிக்க உரிமையாளர்களிடம் வாக்குச்சீட்டு அனுப்ப வேண்டும். அவரவர் செலுத்தவேண்டிய தொகைக்கு ஏற்ப வாக்கின் எடை அமையும். எதிர்ப்பு மிகுந்தால் கட்டணம் விதிக்க இயலாது.

சான் டியேகோவின் வழி

சான் டியேகோ நகரம் 1970 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. முதன்மைச் சாலைகளுடன் நில்லாமல் குடியிருப்புத் தெருக்களுக்கும் அதை விரிவுபடுத்த, 2003 முதல் நகர மின்நுகர்வோரின் கட்டணத்தில் கூடுதல் தொகை சேர்க்கப்பட்டது. வாக்காளர் ஒப்புதல் இல்லாத இத்தொகை ஒரு வரியே என்று வழக்குத் தொடரப்பட்டது. நகரின் தெருக்களைப் பயன்படுத்தும் உரிமைக்கு ஈடாக மின்நிறுவனம் தரும் விலையே அது என்று 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எனினும் நடைமுறைச் சிக்கல் தீரவில்லை: எல்லோரும் மாதந்தோறும் செலுத்துகின்றனர், ஆனால் வரிசையின் கடைசியில் உள்ள தெருக்கள் பல பத்தாண்டுகள் காத்திருக்க நேரிடும்.

நன்மைகளும் குறைகளும்

புதைவடங்களைக் காற்றும் முறிந்து விழும் கிளைகளும் பாதிப்பதில்லை. நடைபாதையில் கம்பங்கள் இல்லாததால் இடம் விரிகிறது. அதேவேளை, பழுது ஏற்பட்டால் இடத்தைக் கண்டறிந்து தோண்டிச் சரிசெய்யக் கூடுதல் நேரம் ஆகும். வெள்ளநீர் தேங்கும் இடங்களில் கருவிகள் பாதிக்கப்படலாம். பள்ளம் தோண்டுகையில் மரங்களின் வேர்கள் சிதையலாம்.

காட்டுத்தீயும் முன்னுரிமையும்

2018 நவம்பரில் மின்தடக் கோளாறால் மூண்ட ‘கேம்ப்’ காட்டுத்தீயில் 85 பேர் இறந்தனர். அதன்பின் அழகைவிடப் பாதுகாப்பே இவ்விவாதத்தில் முதலிடம் பெற்றது. தீ அபாயம் மிகுந்த பகுதிகளில் 10,000 மைல் கம்பிகளை நிலத்தடிக்கு மாற்றப்போவதாக பசிபிக் கேஸ் அண்டு எலக்ட்ரிக் 2021-இல் அறிவித்தது. காப்புறையிட்ட கம்பிகளைப் பொருத்துவதும் மரக்கிளைகளை வெட்டுவதும் செலவு குறைந்த மாற்றுவழிகள்; ஆனால் அவை அபாயத்தைக் குறைக்குமே தவிர, புதைவடத்தின் அளவுக்கு நீக்குவதில்லை. ஆகவே, ஒரு மைலைப் புதைக்கும் பணத்தில் எத்தனை மைலுக்குக் காப்புறையிட்ட கம்பி பொருத்தலாம் என்பதையும் முடிவெடுப்போர் கணக்கிட வேண்டியுள்ளது.