சுருதிப் பெட்டியை நாமே செய்யலாமா? ஒரு 555 ஐசி-யும் 9 வோல்ட் பேட்டரியும் போதும்!

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து ரூமுக்கு வந்ததும் பாட்டு பழகணும்னு ஆசை. தம்புரா வாங்கக் காசும் இல்லை, வைக்க இடமும் இல்லை. “அதான் மொபைல்ல ஆப் இருக்கே” என்பீர்கள். சரிதான். ஆனால், சுருதியை நாமே செய்து பார்த்தால் கிடைக்கும் ஒரு விஷயம் ஆப்பில் கிடைக்காது.

முதலில் செய்தது யார்?

பெங்களூருவைச் சேர்ந்த ஜி.ராஜ் நாராயண், எச்.ஏ.எல். நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர், புல்லாங்குழல் கலைஞரும்கூட. 1979-ல் எலக்ட்ரானிக் தம்புராவை உருவாக்கினார். இவருடைய ரேடெல் நிறுவனத்தின் பெட்டிகள் கச்சேரி மேடைகளிலும் பாட்டு வகுப்புகளிலும் இடம்பிடித்தன. இசையும் எலக்ட்ரானிக்ஸும் ஒரே ஆளிடம் சேர்ந்ததால் நடந்தது இது.

சத்தம் எப்படி வருகிறது?

555 என்பது 1971-ல் ஹான்ஸ் கேமன்சிண்ட் வடிவமைத்த டைமர் ஐசி. இதோடு சேரும் கெப்பாசிட்டரை ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டர் வழியாக அது நிரம்பும். பேட்டரி வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் ஐசி அதைத் திறந்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி நிரப்பும். இது நொடிக்கு சுமார் 262 முறை நடந்தால், ஸ்பீக்கரில் கேட்பது ஒரு கட்டை ‘ஸா’. சிந்தசைஸரின் அடிப்படையான ஆசிலேட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

எப்படி இணைப்பது?

* 8, 4 பின்கள்: பேட்டரி பிளஸ். 1-வது பின்: மைனஸ்.
* 8-க்கும் 7-க்கும் நடுவே 1 கே ரெசிஸ்டர்.
* 7-க்கும் 6-க்கும் நடுவே 27 கே ரெசிஸ்டர்.
* 6, 2 பின்களை இணைத்து, அங்கிருந்து மைனஸுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.
* 3-வது பின்னிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக ஸ்பீக்கருக்கு. ஸ்பீக்கரின் மறுமுனை மைனஸுக்கு.

27 கே இருக்கும் இடத்தில் 18 கே போட்டால் கிட்டத்தட்ட ‘ப’ வரும். பிரெட்போர்டில் செருகினாலே போதும், சால்டரிங் தேவையில்லை.

எங்கே சொதப்பும்?

கணக்கு சரியாகவே இருக்கும், ஆனால் ஸா சேராது. காரணம், தங்கக் கோடு போட்ட ரெசிஸ்டரில் 5 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம். பக்கத்து ஸ்வரத்துக்கே வித்தியாசம் சுமார் 6 சதவீதம்தான்! கெப்பாசிட்டரும் தன் பங்குக்கு விலகும். அதனால் 27 கே-க்குப் பதில், 10 கே ரெசிஸ்டரோடு 50 கே வால்யூம் கன்ட்ரோலைத் தொடராக இணையுங்கள். ஆப்பில் ஒரு கட்டை ஸா-வை ஒலிக்கவிட்டு மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு ஒலிகளும் நெருங்க நெருங்க ‘வவ்... வவ்...’ என்று ஓர் அலை கேட்கும். அது மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றால், சுருதி சேர்ந்துவிட்டது. ஆப்பில் கிடைக்காதது இந்தக் காதுப் பயிற்சிதான்.

தம்புரா மாதிரியே இருக்குமா?

இருக்காது. இது ‘பீப்’ என்று ஒரே மாதிரி ஒலிக்கும். தம்புராவின் ரீங்காரத்துக்குக் காரணம், குதிரை மேல் தந்திக்கு அடியில் வைக்கும் ஒரு சின்ன நூல். அதன் பெயர் ‘ஜீவா’. ஐசி-யில் ஸா வந்துவிடும். அந்த ஜீவனுக்கு இன்னும் பல சர்க்யூட் போட வேண்டும். நூலின் அருமையைத் திருப்பூர்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்?