எல்லை கடக்கும் ஆறு

ஆறு நிலத்தின் சரிவை அறியுமேயன்றி, மாந்தர் வரைந்த எல்லைக் கோட்டை அறியாது. இவ்வுண்மையை விளக்குதற்கு எம்மூராகிய மணப்பாட்டிற் கடலோடு கலக்கும் கருமேனியாறே சாலும்.

இந்த ஆறு நாங்குநேரி வட்டத்தில் தோன்றிச் சாத்தான்குளம் பகுதியினூடே ஓடி, மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயம் நிற்கும் மணற்குன்றின் அருகே கடலை அடைகின்றது. 1986-ஆம் ஆண்டுவரை இதன் வழி முழுவதும் திருநெல்வேலி மாவட்டத்துள் அடங்கியிருந்தது. அவ்வாண்டில் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிக்கப்படவே, ஆறு தன் வழியை மாற்றாமலே எல்லை கடக்கும் ஆறாயிற்று.

நாடுகளின் எல்லையையே கடக்கும் ஆறுகளும் உள. வட ஐரோப்பாவில், சுவீடனிற் பிறந்து நார்வேக்குட் புகும் ஓர் ஆறு ஆங்குத் திரிசில் எனப் பெயர் பூண்டு, மீண்டும் சுவீடனுள் நுழைந்து கிளார் ஆறு என வழங்கப்பெற்று, வேனர்ன் ஏரியில் விழுகின்றது. பெயர் மாறினும் நீரோட்டம் ஒன்றே. அவ்வாற்றைப் பனியுருகலும் வளர்க்கும். கருமேனியாற்றுக்கோ வடகிழக்குப் பருவமழையே தாய்.

மழையற்ற திங்களில் அலைகள் மணலைக் குவித்து எம்மாற்றின் முகத்துவாரத்தை அடைத்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் மேற்கேயிருந்து வரும் வெள்ளமே அம்மணற்றிட்டை உடைக்கும். உடைந்தபின்னரே மீனும் இறாலும் கடலுக்கும் கழிக்குமாகப் போக்குவரவு செய்யும். ஆகவே எம்மூர் வலைஞர் வாழ்வு, அடுத்த மாவட்டத்திற் பெய்யும் மழையோடு பிணைக்கப்பட்டுள்ளது. ஆயினும் மேல்நிலத்துக் குளங்கள் நிரம்பாவிடில் ஆங்குள்ள உழவர் வாடுவர். வெள்ளம் வாராவிடில் வலைஞர் வாடுவர். இருவர்க்கும் நீர் ஒன்றே.

தாமிரபரணியின் மிகை வெள்ளத்தைக் கன்னடியன் காலிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயினாற் கொணர்ந்து, கருமேனியாற்றையும் நம்பியாற்றையும் இணைத்துச் சாத்தான்குளம் தேரிநிலம்வரை செலுத்தும் பணி 2009-இல் தொடங்கிற்று. வறண்ட நிலத்திற்கு இஃது ஒரு பெருநன்மையே. எனினும் கடலிற் புகும் நீரெல்லாம் வீணென்று கூறுவார் கூற்று எமக்கு உடன்பாடன்று. அந்நீர் முகத்துவாரத்தைத் திறக்கின்றது. கழியின் உவர்ப்பைத் தணிக்கின்றது. மீன் வளத்தைப் பெருக்குகின்றது. ஆதலின் ஆற்றுநீரைப் பங்கிடுவோர் வயலுக்குரிய பங்கோடு கழிமுகத்துக்குரிய பங்கையும் கருதுவாராக. எல்லை நிலத்துக்கு உண்டு, நீருக்கு இல்லை.