பெயர் போட்ட கோட்டு நீடித்து உழைக்க...



கேண்டீன், சத்துமாவு, ஊறுகாய் என்று எந்தத் தொழிலில் குழு இறங்கினாலும் சில மாதங்களில் ஒரு பேச்சு வந்துவிடுகிறது. "அக்கா, எல்லாரும் ஒரே மாதிரி கோட்டு போட்டா நல்லா இருக்கும், முதுகுல குழு பேரையும் போட்டுக்கலாம்." நல்ல யோசனைதான். கோட்டு புடவையைக் காக்கும். முந்தானை அடுப்புப் பக்கம் போகாமல் அடக்கி வைக்கும். பெயரைப் பார்த்து நாலு பேர் ஆர்டர் கொடுக்கவும் வாய்ப்புண்டு.

எங்கள் கேண்டீன் குழுவும் இப்படித்தான் ஆசைப்பட்டது. 12 பேருக்கு ஆளுக்கு இரண்டு, ஒரு கோட்டு 260 ரூபாய், ஆக மொத்தம் 6,240 ரூபாய். குழுவின் பொது நிதியிலிருந்து எடுத்தோம். கடையில் பளபளப்பான எழுத்தைக் காட்டினார்கள். பார்த்ததும் மயங்கி, முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, பில்கூட வாங்காமல் வந்துவிட்டோம். மூன்றாவது வாரம் எழுத்தின் ஓரம் தூக்கியது. ஒன்றரை மாதத்தில் குழுவின் பெயர் பாதி வாளித் தண்ணீரில் மிதந்தது. போய்க் கேட்டால், "நீங்க சுடுதண்ணியில சோடா போட்டு ஊற வச்சிருப்பீங்க" என்றார்கள். ஊற வைத்தோம்தான். கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! மாதக் கூட்டத்தில் "நம்ம சேமிப்பு தண்ணியில போச்சா?" என்று உறுப்பினர்கள் கேட்டபோது ஊக்குநரும் பிரதிநிதிகளும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு தையல்காரர்களிடமும் பிரிண்டிங் வேலை தெரிந்தவர்களிடமும் கேட்டும், நாங்களே துவைத்துப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் துணி

அடுப்பு வேலை என்றால் பருத்திதான். இதில் விலையைப் பார்க்கவே கூடாது. பாலியஸ்டர் துணியில் தீ பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், புண் ஆழமாகிவிடும். பருத்தியும் எரியும், ஆனால் அப்படி உருகி ஒட்டாது. டெரிகாட்டனிலும் பாலியஸ்டர் கலந்திருப்பதால் அடுப்படிக்கு அது வேண்டாம். பேக்கிங், கூட்டிப் பெருக்குவது போன்ற வேலைகளுக்கு டெரிகாட்டன் நல்லது. சீக்கிரம் காயும், சுருங்காது, அயர்னிங் வேலையும் குறைவு.

புதுப் பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும். அதனால் வெட்டுவதற்கு முன்பே ஒரு இரவு தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அக்குள், பாக்கெட் ஓரம், நாடா தைத்த இடம் மூன்றிலும் இரட்டைத் தையல் வேண்டும். கிழிசல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எழுத்தில்தான் சூட்சுமம்

எங்களை ஏமாற்றியது ஸ்டிக்கர் எழுத்து. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெட்டிய எழுத்தைச் சூடான இயந்திரத்தில் அழுத்தி ஒட்டுவார்கள். கீழே இருப்பது பசைதான். சூடும் அழுத்தமும் சரியாக இல்லாவிட்டால் ஓரத்தில் உரியும். நன்றாக ஒட்டியிருந்தாலும் சுடுதண்ணீரும் துவைக்கிற கல்லும் அதற்கு ஆகாது.

பிக்மெண்ட் பிரிண்ட் என்பது தண்ணீரில் கரைத்த மையைச் சட்டத்தின் வழியாகத் துணியில் இழுப்பது. கை வைத்துப் பார்த்தால் எழுத்து தனியாகத் தெரியாது, உரியவும் உரியாது. மெதுவாக வெளுக்கும், அவ்வளவுதான். வெளிர் நிறத் துணிக்கு இது போதும். கரும்பச்சை, நீலம் போன்ற அடர்ந்த துணியில் இந்த எழுத்து எடுப்பாகத் தெரியாது. அதற்கு பிளாஸ்டிசால் என்ற கெட்டி மை போடுவார்கள். அந்த மை வெயிலில் வைத்தால் இறுகாது, சுமார் 160 டிகிரி சூடு காட்டியே ஆகவேண்டும். சூடு குறைந்த பிரிண்ட் வாங்கும்போது அழகாகவே இருக்கும், சில துவைப்பில் வெடித்துவிடும். போட்டோ மாதிரி பல வண்ணத்தில் அச்சடித்துத் தரும் சப்ளிமேஷன் முறை பாலியஸ்டரில்தான் பிடிக்கும், பருத்தியில் நிற்காது.

எல்லாவற்றிலும் உறுதி எம்பிராய்டரி. விலை கூடும் என்பதால் பாக்கெட் மேல் சின்னதாகப் போட்டால் போதும் என்பது எங்கள் கருத்து. முதுகு நிறைய எழுதினால் யார் படிக்கிறார்கள்?

பணம் கொடுக்கும் முன்

ஒரே ஒரு மாதிரி கோட்டு கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் விட்டு, வெள்ளைத் துணியை நனைத்து எழுத்தின் மேல் 20 தடவை தேயுங்கள். சாயம் ஏறினால் வேண்டாம். பிளாஸ்டிசால் எழுத்தை இரு கையாலும் லேசாக இழுங்கள். வெடித்தால் சூடு போதவில்லை. பிறகு வீட்டில் துவைப்பது போலவே ஐந்து முறை துவைத்துப் பாருங்கள். பாதிப் பணம் முன்பணம், மீதி சரக்கு வந்த பிறகு. துணி, மை, எண்ணிக்கை மூன்றும் பில்லில் எழுதியிருக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்திலும் ஏற்றிவிடுங்கள்.

துவைக்கும்போது

உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறினால் போதும். எழுத்துள்ள இடத்தில் பிரஷ் போடாதீர்கள், கல்லில் அடிக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் எழுத்தையும் கெடுக்கும், நூலையும் இற்றுப்போகச் செய்யும். எண்ணெய்க் கறைக்குச் சிலர் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்க்கிறார்கள். அது பிளாஸ்டிசால் எழுத்தை இளக்கிவிடும். கறை பட்டவுடன் கடலை மாவைத் தூவி, எண்ணெயை உறிஞ்சியதும் தட்டிவிட்டு சோப்பு போடுங்கள்.

மஞ்சள் கறை சோப்பு பட்டால் சிவக்கும், பயப்பட வேண்டாம், அலசினால் மறுபடி மஞ்சளாகும். அதைப் போக்குவது வெயில்தான். ஆனால் வெயிலில் தினமும் காய்ந்தால் துணியின் நிறம் போகுமே! நாங்கள் செய்வது இதுதான்: வழக்கமாக நிழலில் காயவைப்போம், கறை உள்ள அன்றைக்கு மட்டும் கறை வெயிலைப் பார்க்க, மீதியை மடித்துப் போடுவோம்.

அயர்ன் பெட்டியை எழுத்தின் மேல் நேராக வைக்கவே வைக்காதீர்கள். பின்பக்கமாகத் தேயுங்கள். மடிக்கும்போது எழுத்தும் எழுத்தும் ஒட்டாமல் நடுவில் ஒரு காகிதம் வையுங்கள்.

இன்னொன்று. சட்டத்தில் அச்சடிக்கும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம், அதற்குத் தனிக் கூலி. 12 கோட்டுக்கும் அதே சட்டம்தான், 200 கோட்டுக்கும் அதே சட்டம்தான். அதனால் கூட்டமைப்பின் சின்னத்தை ஒரே நிறத்தில் எல்லோருக்கும் பொதுவாக அடித்து, குழுவின் பெயரை மட்டும் பாக்கெட் மேல் தைத்துக்கொண்டால் செலவு குறையும். சேர்ந்து ஆர்டர் போட விரும்பும் குழுக்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரின் மார்பளவு, உயரம், என்ன வேலை செய்கிறார் என்பதை எழுதி எடுத்து வாருங்கள். எங்கள் பழைய கோட்டுகளில் ஒன்றையும் கொண்டுவருகிறோம், உரிந்த எழுத்தை நேரிலேயே பார்க்கலாம். மற்றவை இப்போது கேண்டீனில் பாத்திரம் இறக்கும் கைத்துணி.