அழகுதான்... ஆனா, விஷம்!

மழைக்காலத்துல ஊர்ப்பக்கம் போனா வேலியோரம் கொஞ்சம் பாருங்க. தீ நாக்கு மாதிரி சிவப்பும் மஞ்சளுமா ஒரு பூ எட்டிப் பார்க்கும். அதுதான் செங்காந்தள். நம்ம மாநில மலர்! ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதேதான்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதல் பூ காந்தள். கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப் பூ. கிழங்கு கலப்பை மாதிரி இருப்பதால் கலப்பைக்கிழங்கு. தாவரவியல் படிக்கிறவங்க கவனிக்க: பழைய புத்தகங்களில் இது லிலியேசி குடும்பம். இப்போ கோல்ச்சிகேசி!

இலை நுனியே சுருண்டு, பக்கத்துச் செடியைப் பிடிச்சு மேலே ஏறும். கோடையில் கொடி காய்ஞ்சதும் 'அவ்வளவுதான்'னு நினைச்சுடாதீங்க. மண்ணுக்குள்ள கிழங்கு உயிரோட காத்திருக்கும். மழை விழுந்ததும் துளிர்க்கும்.

அந்தக் கிழங்கில்தான் வில்லங்கமே. செடி முழுக்க கோல்ச்சிசின் என்ற நச்சு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். வேறு கிழங்குன்னு நினைச்சு சாப்பிட்டு உயிரை விட்டவங்க உண்டு. அதே கோல்ச்சிசின், டாக்டர் சொல்லும் மிகச் சிறிய அளவில், கீல்வாத வலிக்கு மருந்து! செல் பிரிவதை அது தடுப்பதால், ஆய்வகத்தில் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கவும் உதவுது. திண்டுக்கல், தாராபுரம் பக்கம் விதைக்காகவே இதைப் பயிரிடுறாங்க.

மருந்துக்காகக் காட்டுக்கிழங்கைத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் இந்தக் கொடி அருகிப்போச்சு. அடுத்த முறை பார்த்தா செல்போன்ல ஒரு 'க்ளிக்' போதும். கிழங்குல மட்டும் கை வைக்காதீங்க, ப்ளீஸ். அது போயிட்டா, அடுத்த மழைக்கு அந்த வேலியில பூ இருக்காது!