செந்நட்சத்திரம் பெற்ற சரக்குப் படையினர்

வீரம் என்று சொன்னால் நமக்குக் கண்முன் வருவது வாளும் வேலும்தான். கொஞ்சம் பிற்காலத்துக்கு வந்தால் துப்பாக்கி, பீரங்கி. பரணி பாடிய நம் புலவர்களும் களத்தில் யானையைக் கொன்றவனைத்தான் பாடினார்கள். அந்தப் படைக்கு அரிசியும் கொள்ளும் ஏற்றிப்போன வண்டிக்காரனைப் பாட்டுடைத் தலைவன் ஆக்கியவர் யாரும் இல்லை. ஆனால் சோவியத் நாடு 1944-இல் அப்படி ஒரு காரியம் செய்தது. அதில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர் என்பதை நம் சங்க அன்பர்கள் அறிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1944 மே 23-ஆம் நாள் மாஸ்கோவில் சுப்ரீம் சோவியத் தலைமைக் குழுவின் ஆணை ஒன்று வெளியாயிற்று. கையெழுத்திட்டவர்கள் மிகயில் காலினின், அலெக்சாண்டர் கோர்கின். அதன்படி செந்நட்சத்திர விருது பெற்ற இந்தியர் இருவர்: சுபேதார் நாராயண ராவ் நிக்கம், ஹவில்தார் கஜேந்திர சிங் சந்த். முதலாமவர் தமிழ்நாடு. இரண்டாமவர் இன்றைய உத்தராகண்டில் உள்ள பித்தோராகட் மலைப்பகுதி. இருவரும் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்ற படைப்பிரிவினர். உணவு, எண்ணெய், வெடிமருந்து எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கச் செய்வதே அந்தப் பிரிவின் வேலை.

நிக்கம் என்ற பெயரைக் கண்டு, இவர் மராட்டியர் ஆயிற்றே, தமிழ்நாட்டுக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று ஒரு நண்பர் கேட்டார். தஞ்சையில் மராட்டிய ஆட்சி அமைந்தது 1670-களில். ராவ் என்ற பெயர் நம்மூர்த் தெருக்களில் முந்நூறு ஆண்டாகப் புழங்குகிறது. மூன்று தலைமுறையாக வங்காளத்து மீன் சந்தையைத் தாண்டி வாழைக்காய் வாங்கப் போகிற நாம், பெயரை வைத்து ஊரைப் பறிக்கலாமா? அவர் நம்மவர்தான்.

சரி, இந்தியச் சிப்பாய்க்கும் ருஷ்யப் பதக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? 1941 ஜூன் மாதம் ஹிட்லர் சோவியத் நாட்டின்மேல் படையெடுத்தான். அதுவரை ஒருவரை ஒருவர் நம்பாத பிரிட்டனும் ருஷ்யாவும் ஒரே இரவில் கூட்டாளிகள். தளவாடம் அனுப்ப மூன்று பெரிய வழிகள்தான் இருந்தன. வடக்கே பனிக்கடல்; அங்கே ஜெர்மானிய நீர்மூழ்கிகள். கிழக்கே பசிபிக், ஜப்பானுக்குப் பயந்து அவ்வழியே போர்த் தளவாடம் அனுப்ப முடியாது. மூன்றாவது, பாரசீகம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 25-இல் இரு நாட்டுப் படைகளும் ஈரானுக்குள் புகுந்தன. தெற்கிலிருந்து நுழைந்ததில் இந்தியப் படைப்பிரிவுகளே மிகுதி. ஈரானிய அரசைக் கேட்டா செய்தார்கள் என்றால், இல்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அமெரிக்கா சோவியத்துக்கு அனுப்பிய மொத்தச் சரக்கு சுமார் 1 கோடியே 75 லட்சம் டன். அதில் ஏறக்குறைய கால்பங்கு பாரசீக வழியாகப் போயிற்று. பாரசீக வளைகுடாவிலிருந்து காஸ்பியன் வரை 1938-இல் கட்டி முடித்த ரயில் பாதை ஒன்று இருந்தது. அது மட்டும் போதாது. லாரிகள் மலை ஏறின. கிழக்கே பலுசிஸ்தானத்து ரயில் ஜாஹிதான் வரை வந்தது. அங்கிருந்து மஷ்ஹத் நகருக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான சாலை. கோடையில் கொதிக்கும் மணல், குளிரில் கணவாயில் பனி.

கஜேந்திர சிங் 1936-இல் பட்டாளத்தில் சேர்ந்தவர். ஈராக்கின் பஸ்ரா துறைமுகம் பக்கம் வேலை. 1943-இல் ஓர் இரவு சரக்குடன் போகும்போது தாக்குதலில் தொடையில் பலத்த காயம். மருத்துவர்கள் இந்தியா திரும்பச் சொன்னார்கள். மாட்டேன் என்று மறுத்து, குணமானதும் மறுபடி அதே வேலைக்குப் போய் நின்றார்.

இந்த இடத்தில் என் தொழில் அனுபவம் ஒன்று. 1999 அக்டோபர் கடைசியில் ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியபோது, ஆரணியிலிருந்து படா பஜாருக்கு வந்துகொண்டிருந்த என் ஜவுளிப் பேல்கள் வழியில் மாட்டிக்கொண்டன. டிரைவர் எட்டு நாள் வண்டியை விட்டு அசையவில்லை. தார்ப்பாயை அவிழ்த்துத் தான் போர்த்திக்கொள்ளவும் இல்லை; சரக்கு நனைந்துவிடும் என்றான். குண்டு விழாத சாலையிலேயே அப்படி. அன்றுமுதல் லாரிக்காரர் கூலியில் நான் பேரம் பேசுவதில்லை.

செந்நட்சத்திர விருது 1930-இல் ஏற்படுத்தியது. வெள்ளியில் செய்து, சிவப்பு இனாமல் பூசிய ஐந்து முனை நட்சத்திரம். நடுவில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய். உலகத் தொழிலாளரே ஒன்றுபடுங்கள் என்ற வாசகம் சுற்றிலும். பிரிட்டிஷ் மன்னரின் சம்பளப் பட்டியலில் இருந்த சுபேதாரின் மார்பில் இந்த வாசகம் ஏறியது வரலாற்றின் வேடிக்கை! சோவியத் வீரர்களுக்கு லட்சக்கணக்கில் வழங்கியதுதான், அரிய விருது என்று மிகைப்படுத்த வேண்டாம். வேற்று நாட்டு லாரிப் படைக்கு வழங்கியதில்தான் அதன் அருமை.

கல்கத்தாவில் இருந்துகொண்டு 1943 என்று எழுதும்போது கை நிற்கிறது. அந்த ஆண்டுதான் இதே நடைபாதைகளில் கிராமத்து ஜனங்கள் வடிகஞ்சி கேட்டு விழுந்து செத்தார்கள். அரசு விசாரணைக் குழு 15 லட்சம் பேர் என்றது. பின்னாளைய ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். ஜப்பான் வந்துவிடும் என்று 1942-இலேயே கடலோர வங்காளத்தில் படகுகளைப் பறித்தது சர்க்கார். நெல் போகும் வழி அடைபட்டது. பாரசீகப் பாலைவனத்துக்கு லாரி கிடைத்தது, மேதினிப்பூருக்குப் படகு கிடைக்கவில்லை. இது நிக்கம் அவர்களின் குற்றமும் இல்லை, கஜேந்திர சிங்கின் குற்றமும் இல்லை. இருந்தாலும் அந்தப் பதக்கத்தைப் பற்றிப் பேசுகிறவன் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

முதல் உலகப் போரிலும் வங்காளத்துப் பையன்கள் இதே பஸ்ரா வழியில் போனார்கள். 49-ஆவது பெங்காலி ரெஜிமெண்ட். இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுச்சின்னம் காலேஜ் ஸ்கொயரில் இருக்கிறது. பழைய புத்தகம் வாங்கப் போகிறவர்கள் பத்து நிமிடம் ஒதுக்கிப் பார்க்கலாம்.

2020 ஜூன் 24-இல் வெற்றியின் 75-ஆம் ஆண்டு அணிவகுப்பு மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் நடந்தது. இந்திய முப்படையினர் 75 பேர் அதில் நடந்தார்கள். அதையொட்டி நம் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட செய்தியில்தான் சுபேதார் நாராயண ராவ் நிக்கம் என்ற பெயரை நான் முதன்முதலாகப் படித்தேன். அப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது.