ஒரு சங்கு, ஓராயிரம் பொருள்! தெரியுமா?

தூத்துக்குடி திரேஸ்புரத்துச் சங்குகுளிக்காரர்கள் கடலடியிலிருந்து எடுத்து வரும் சங்குக்குக் கிரேக்கத்தில் சொந்தம் உண்டு, தெரியுமா? வடமொழி 'சங்க'வும் கிரேக்க 'கோங்கே'யும் ஒரே வேரில் கிளைத்தவை என்கிறார்கள் மொழியியலாளர்கள். நம் 'சங்கு' வடமொழிக் கிளை. கிரேக்கக் கிளையோ லத்தீனில் 'கோங்கா'வாகி ஐரோப்பாவையே வளைத்துப் போட்டது. போன ஊரிலெல்லாம் பொருளை மாற்றிக்கொண்டதுதான் அதிசயம்!

• கிரேக்கர்களுக்கு அது கண்குழி! தேவாலயப் பீடத்தின் பின்னே வளைந்து நிற்கும் அரைவட்ட மாடத்துக்கும் அதே பெயர்தான்.

• இத்தாலியில் 'கோங்கா' என்றால் தொட்டி. மலை சூழ்ந்த பள்ளமும் அதுவே!

• போர்ச்சுகலில் 'கோன்ஷா' சிப்பி. சூப் ஊற்றும் அகப்பையும் 'கோன்ஷா'!

• ஸ்பெயினில் 'கோஞ்சா' சிப்பி மட்டுமல்ல, ஒரு பெண்ணின் செல்லப் பெயர்! ஆனால் அதன் வேரே வேறு. முழுப்பெயர் 'கோன்செப்சியோன்'. நம் தூத்துக்குடிப் பக்கம் அவளே அமலோற்பவம்!

• பிரெஞ்சில் இதே குடும்பத்து 'கோக்கீ' கிளிஞ்சலையும் குறிக்கும், அச்சுப் பிழையையும் குறிக்கும்!

• சுவிட்சர்லாந்தில் ரோடோல்ஃப் லிண்ட் 1879இல் சாக்லேட்டை வழவழப்பாக்கக் கண்டுபிடித்த இயந்திரம் 'கோன்ச்'. தொட்டி சிப்பி வடிவில் இருந்ததால் வந்த பெயர்!

• மருத்துவர்களுக்கோ காதுமடலின் குழிவும் 'கோங்கா', மூக்குக்குள் சுருண்ட எலும்பும் 'கோங்கா'!

இனிமேல்தான் பெரிய வியப்பு! 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுகீசியர், சொந்த வீட்டில் 'கோன்ஷா' இருக்க, நம் சங்கை 'சாங்கோ' என்று புதுச் சொல்லாக எழுதிக்கொண்டார்கள். பல்லாயிரம் ஆண்டு முன் பிரிந்த உறவு இந்தக் கரையில் எதிரெதிரே நின்றது! 1658இல் டச்சுக்காரர், 1825இல் ஆங்கிலேயர் எனத் தூத்துக்குடி கைமாறியது. இன்று ஆங்கில அகராதியில் லத்தீன் வழி வந்த 'காங்க்'கும் உண்டு, நம் கரை வழி போன 'சாங்க்'கும் உண்டு!

தமிழ் மட்டும் சளைத்ததா? பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுவது சங்கு. கழுத்தில் குரல்வளை சங்கு. வேலைக்கு அழைக்கும் ஆலையின் ஊதல் சங்கு. கோயில் பூசையிலும் சங்கு, இறுதி ஊர்வலத்திலும் சங்கு. ஐரோப்பா பல மொழிகளில் பங்கிட்டுக்கொண்டதற்கு ஈடாக, ஒரு வாழ்நாள் முழுவதையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது தமிழ்!