திறந்திருக்கும் பைலை அப்டேட் செய்வது எப்படி?

கடைகள், ஆடிட்டர் அலுவலகங்கள், பள்ளிகள் எனப் பல இடங்களில் ஐந்து முதல் பத்து கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைத்து, அவற்றில் ஒன்றை சர்வராக வைத்திருப்பார்கள். பில் போடும் புரோகிராமும் அதன் டேட்டாவும் சர்வரில் ஒரு ஷேர்டு போல்டரில் இருக்கும். மற்ற கம்ப்யூட்டர்களின் டெஸ்க்டாப்பில் இருப்பது ஒரு ஷார்ட்கட் மட்டுமே.

புரோகிராமை எழுதிக் கொடுத்தவர், பிழையைத் திருத்திப் புதிய பைலை அனுப்புகிறார். அதைப் பழைய பைலின் மீது காப்பி செய்யப் போனால், பைல் பயன்பாட்டில் உள்ளது என்று சொல்லி விண்டோஸ் மறுத்துவிடுகிறது. எல்லாரையும் வெளியேறச் சொல்லலாம் என்றால், கவுண்டரில் வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள். இதற்கு என்ன வழி என்று பார்ப்போம்.

விண்டோஸ் ஏன் மறுக்கிறது?

ஒரு எக்ஸி பைலை இயக்கும்போது, அது முழுவதும் மெமரிக்கு வந்துவிடுவதில்லை. எந்தப் பகுதி தேவையோ, அந்தப் பகுதியை அவ்வப்போது பைலிலிருந்து விண்டோஸ் எடுத்துக் கொள்கிறது. இடையில் பைல் மாறிவிட்டால், பாதி பழைய புரோகிராம், பாதி புதிய புரோகிராம் என்று கலந்து கிராஷ் ஆகிவிடும். அதனால்தான் இயங்கிக் கொண்டிருக்கும் பைலை யாரும் மாற்றாதபடி விண்டோஸ் பூட்டி வைக்கிறது.

சர்வரில் உள்ள பைலுக்கும் இதே கதைதான். தேவையான பகுதிகள் நெட்வொர்க் கேபிள் வழியாக வருகின்றன. அதனால்தான் கேபிள் கழன்றாலோ, சர்வர் ரீஸ்டார்ட் ஆனாலோ, சும்மா திறந்து வைத்திருந்த புரோகிராம் கூட நின்றுவிடுகிறது.

டேட்டா பைல்களுக்கும் பூட்டு உண்டு. ஒரு புரோகிராம் பைலைத் திறக்கும்போதே, மற்றவர்கள் இதைப் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்பதையும் சொல்லிவிடுகிறது. 1984ல் வந்த எம்.எஸ். டாஸ் 3.0 பதிப்பிலேயே ஷேர் என்ற புரோகிராம் மூலம் இந்த வசதி வந்துவிட்டது.

யார் திறந்து வைத்திருக்கிறார்கள்?

சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மெண்ட் விண்டோவைத் திறந்து, ஷேர்டு போல்டர்ஸ் என்பதை விரித்திடுங்கள். அதில் ஓப்பன் பைல்ஸ் என்பதைக் கிளிக் செய்தால், எந்த பைலை எந்த யூசர் திறந்து வைத்துள்ளார் என்ற பட்டியல் கிடைக்கும். ஒரு பைலின் மீது ரைட் கிளிக் செய்தால், அதை வலுக்கட்டாயமாக மூடும் வசதியும் தெரியும்.

பட்டியலைப் பார்ப்பதோடு நிறுத்திக் கொள்ளுங்கள். மூடும் வசதியைத் தொடாதீர்கள். அங்கே மூடினால், அந்த யூசரின் கம்ப்யூட்டருக்கு முன்னறிவிப்பு எதுவும் போகாது. அவர் டைப் செய்து இன்னும் சேவ் செய்யாதது போய்விடும். டேட்டா பைல் என்றால் ஒரு பதிவு பாதி எழுதிய நிலையில் நின்று, பைலே கெட்டுவிடலாம். ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய் மாதக் கணக்கையே இழக்கும் ஆபத்து இதில் இருக்கிறது.

பழையதன் மீது புதியதை எழுதாதீர்கள், பக்கத்தில் வையுங்கள். யூசர்கள் அடுத்த முறை திறக்கும்போது தாமாகவே புதியதற்கு வந்துவிடுவார்கள். இதை மூன்று வழிகளில் செய்யலாம்.

வழி 1: பெயரை மாற்றுதல்

இயங்கிக் கொண்டிருக்கும் எக்ஸி பைலை அழிக்கவோ, அதன் மீது எழுதவோ விண்டோஸ் விடாது. ஆனால் அதே டிரைவில் பெயரை மாற்றப் பெரும்பாலும் விடும். பில்லிங் என்ற பைலை பில்லிங்-பழையது என்று மாற்றிவிட்டு, புதிய பைலைப் பழைய பெயரில் காப்பி செய்திடுங்கள். ஏற்கனவே திறந்தவர்கள் பழையதிலேயே தொடர்வார்கள். புதிதாகத் திறப்பவர்களுக்குப் புதியது கிடைக்கும். எல்லாரும் மூடிய பிறகு பழையதை அழித்துவிடலாம்.

புரோகிராம் ஒரே எக்ஸி பைலாக இருந்தால் இது போதும். பல டிஎல்எல் பைல்களும் ரிப்போர்ட் பைல்களும் சேர்ந்தது என்றால் கவனம் தேவை. பழைய எக்ஸியில் இருப்பவர், சிறிது நேரம் கழித்து ரிப்போர்ட் எடுக்கும்போது புதிய டிஎல்எல் பைல் வந்து சேரலாம். இரண்டும் பொருந்தாமல் பிழைச் செய்தி வரும்.

வழி 2: பதிப்புக்கு ஒரு போல்டர்

சர்வரில் பில்லிங்-31, பில்லிங்-32 என்று ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனி போல்டரில் வையுங்கள். டெஸ்க்டாப் ஷார்ட்கட் நேராக எக்ஸி பைலைக் காட்டாமல், சர்வரில் உள்ள ஒரு சிறிய பேட்ச் பைலைக் காட்டட்டும். எந்த போல்டரில் உள்ள புரோகிராமை இயக்க வேண்டும் என்ற ஒரு வரி அதில் இருந்தால் போதும். புதிய பதிப்பு வந்ததும் அந்த ஒரு வரியை மாற்றினால் வேலை முடிந்தது. புதிய பதிப்பில் கோளாறு என்றால், அதே வரியைத் திருப்பி மாற்றிப் பழைய பதிப்புக்குப் போய்விடலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விண்டோஸ் பேட்ச் பைலை முழுவதுமாகப் படித்துவிட்டு இயக்குவதில்லை. ஒரு கட்டளையை முடித்த பின், விட்ட இடத்திலிருந்து அடுத்ததைப் படிக்கிறது. பேட்ச் பைல் முடியாமல் காத்திருக்கும் நேரத்தில் நீங்கள் அதைத் திருத்தினால், வரியின் நடுவிலிருந்து படித்துக் குழம்பும். எனவே புரோகிராமை ஸ்டார்ட் என்ற கட்டளை மூலம் இயக்குங்கள். புரோகிராம் திறந்ததும் பேட்ச் பைல் உடனே முடிந்துவிடும்.

வழி 3: ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு காப்பி

டேட்டா மட்டும் சர்வரில் இருக்கட்டும். புரோகிராமின் காப்பி ஒவ்வொரு கம்ப்யூட்டரின் சி டிரைவிலும் இருக்கட்டும். ஷார்ட்கட்டைக் கிளிக் செய்ததும், பேட்ச் பைல் சர்வரில் மாறியிருக்கும் பைல்களைக் காப்பி செய்து, பிறகு உள்ளூர் காப்பியை இயக்க வேண்டும். இப்படிச் செய்தால் சர்வரில் உள்ள மூல பைலை யாரும் நீண்ட நேரம் பிடித்து வைத்திருக்க மாட்டார்கள். எந்த நேரத்திலும் அதை மாற்றலாம். புரோகிராமும் வேகமாகத் திறக்கும்.

காப்பி செய்ய, விண்டோஸ் விஸ்டா முதல் உடன் வரும் ரோபோகாப்பி ஏற்றது. ஆனால் அதை அப்படியே பயன்படுத்தாதீர்கள். ஒரு பைல் பூட்டியிருந்தால், 30 விநாடிக்கு ஒரு முறை என 10 லட்சம் முறை அது முயற்சி செய்யும். யூசர் ஏற்கனவே புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு மீண்டும் கிளிக் செய்தால், திரை அப்படியே நின்றுபோகும். முயற்சி எண்ணிக்கைக்கான ஆர் ஸ்விட்ச், காத்திருக்கும் நேரத்திற்கான டபிள்யூ ஸ்விட்ச் இரண்டையும் 1 என்று அமைத்திடுங்கள்.

ஆக்சஸ் பயன்படுத்துவோருக்கும் இதுவே சிறந்த வழி. டேபிள்களை ஒரு பைலாகச் சர்வரிலும், பாரம், ரிப்போர்ட் எல்லாவற்றையும் இன்னொரு பைலாக ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிரித்து வைக்கும் வசதி ஆக்சஸிலேயே உள்ளது.

டேட்டா பைல் என்றால்...

மேலே சொன்ன வழிகள் புரோகிராமுக்கு மட்டுமே. டேட்டா பைலை இரண்டாக்கினால், சிலர் பழையதிலும் சிலர் புதியதிலும் பில் போடுவார்கள். பிறகு இரண்டையும் சேர்ப்பது பெரும்பாடு. டேபிளில் புதிய பீல்டு சேர்ப்பது போன்ற மாற்றம் என்றால், எல்லாரும் வெளியேறத்தான் வேண்டும். அதற்கு இந்த வரிசையைப் பின்பற்றுங்கள்:

1. கடை மூடும் நேரத்தை முன்பே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

2. ஓப்பன் பைல்ஸ் பட்டியல் காலியாகும் வரை பொறுத்திருங்கள். ஆக்சஸ் என்றால், டேட்டா பைலின் பக்கத்தில் எல்ஏசிசிடிபி என்று முடியும் சிறிய பைல் மறைந்துவிட்டதா என்றும் பாருங்கள். கடைசி யூசர் முறையாக வெளியேறும்போது அது தானாக அழிந்துவிடும்.

3. போல்டரின் ஷேரிங்கைத் தற்காலிகமாக நிறுத்துங்கள்.

4. டேட்டா பைலை வேறு டிரைவில் பேக்கப் எடுத்த பிறகே மாற்றத்தைச் செய்யுங்கள்.

5. ஒரு கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குத் திறந்துவிடுங்கள்.

புரோகிராம் எழுதுபவரிடம் ஒன்று கேட்டுக் கொள்ளுங்கள். டேட்டா பைலில் ஒரு பதிப்பு எண்ணை வைத்து, புரோகிராம் திறக்கும்போது அது தன் எண்ணுடன் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால் புரோகிராம் திறக்கக் கூடாது. அப்படி இருந்தால், யாராவது பழைய காப்பியைத் தவறுதலாகத் திறந்தாலும் உங்கள் கணக்கு கெடாது.